கடையில் ஓடும், காட்டில் நிற்கும்

கண்ணையனின் மரமறுக்கும் மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் மெக்கானிக் முன்னால் வைத்தால் சமர்த்தாக ஓடும். காட்டுக்குக் கொண்டுவந்து மரத்தில் வைத்தால் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, திடீரென்று குரல் ஏறி, அப்புறம் மெலிந்து, நின்றுவிடும். மாமியார் வீட்டில் ஒரு முகமும் சொந்த வீட்டில் ஒரு முகமும் காட்டுகிற மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். அவர்களையாவது உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்கலாம். இரும்பை என்ன கேட்பது.

அவருக்கு ஊர் அரும்பாவூரைத் தாண்டி, பச்சைமலை தெரிகிற பக்கம். வயது அறுபதை எட்டப்போகிறது. வெறும் கண்ணையன் என்றால் யாருக்கும் தெரியாது, மெஷின் கண்ணையன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு முனை பிடித்துக் கை ரம்பம் இழுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே துணிந்து மெஷின் வாங்கியவர் அவர். காய்ப்பு நின்ற தென்னையோ, கரண்டு கம்பியில் உரசுகிற வேம்போ, எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாருடைய மெஷின் எங்கே ஓடினாலும் சத்தத்தை வைத்தே என்ன குறை என்று சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் அவரிடம் நிறையவே உண்டு. அப்படிப்பட்டவருக்குத் தன் மெஷினின் குறை பிடிபடவில்லை என்பது ஊரில் சிலருக்கு உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வருஷம் அவருடைய அலட்டலைக் கேட்டவர்கள்.

மரம் சாய்ப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் வாய் மாதிரி ஒரு வெட்டு. உச்சியில் கயிறு கட்டி ஒருவர் தூரத்தில் நின்று இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அப்புறம்தான் பின்பக்கமிருந்து மெஷின் உள்ளே போகும். கயிறு பிடிப்பவனும் மெஷின் பிடிப்பவனும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், சத்தத்தில் பேச்சு கேட்காது. கண்ணையனுக்குக் கயிறு பிடித்தவன் அய்யாக்கண்ணு, அவருடைய மனைவி அமிர்தவல்லியின் தம்பி. சிறுவாச்சூர் பக்கத்தில் வீடு. விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். இருவரும் சேர்ந்து சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை.

அமிர்தவல்லி உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கிழமை காலையில் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் வெளியே விடமாட்டாள். அந்த மெஷினைக் கண்டாலே அவளுக்குப் பயம். செயின் சுற்றத் தொடங்கினால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சந்தனத்தைக் குழைத்து, நெல்மணி அளவுக்கு ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து கண்ணையன் எந்தக் கோயில் வாசலையும் மிதிப்பதில்லை. அவளைக் காப்பாற்றச் சொல்லி எத்தனை கோயில் படி ஏறினார் என்பது அவருக்குத் தெரியும், சாமிக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பொட்டு வைக்கிற வேலையை அய்யாக்கண்ணு எடுத்துக்கொண்டான். அக்கா செய்ததை விடக்கூடாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். ஆனால் அக்காவின் கையளவு அவனுக்கு வரவில்லை. மூன்று விரலால் அள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது மாதிரி மெஷினின் மேல்மூடி, கைப்பிடி, பெட்ரோல் டேங்க் மூடி என்று கண்ட இடத்திலும் அப்புவான். போன வாரத்துப் பொட்டைத் துடைக்கவும் மாட்டான். வைத்த பொட்டைத் துடைக்கலாமா, தானாக உதிரட்டும் என்பான். கண்ணையன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

போன வருஷம் ஆடி பிறந்த சமயம் மெஷின் நிற்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. அப்புறம் அடிக்கடி. மெஷின் நின்றால் அய்யாக்கண்ணு அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் சந்தனம் கூடுதலாக வைப்பான்.

ஐப்பசியில் ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் மோட்டார் கொட்டகை மேல் சாய்ந்திருந்த வாகை மரம் ஒன்றை இறக்கப் போனார்கள். வாய் வெட்டு முடிந்து, பின்பக்கம் பாதிக்கு மேல் மெஷின் உள்ளே போயிருந்தபோது நின்றுவிட்டது. வெட்டுக்குள் சிக்கிக்கொண்டு வெளியேயும் வரவில்லை. அதற்குள் மழைக்காற்று எழும்பிவிட்டது. மிச்சமிருந்த கொஞ்ச மரத்தில் வாகை ஒரு திருகு திருகி, போக வேண்டிய பக்கம் போகாமல் வடக்கே சாய்ந்தது. அய்யாக்கண்ணு கயிறு வழுக்கக் கூடாதென்று கையில் சுற்றிப் பிடித்திருந்தான். மரம் விழுந்த வேகத்தில் கயிறு அவனை இழுத்து, சோளத்தட்டை மேல் கொஞ்ச தூரம் தரதரவென்று கொண்டுபோய்ப் போட்டது. கண்ணையன் அடிமரத்திலிருந்து மெஷினை உருவி எடுத்து, அதற்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். காட்டுக்குச் சொந்தக்காரரான விவசாயி ஓடிப்போய் அய்யாக்கண்ணுவைத் தூக்கினார். வலது தோள் மூட்டு விலகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனைப் பார்க்கக் கண்ணையன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார். மெஷின் ஏன் நின்றது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிளக்காக இருக்குமா, பெட்ரோலாக இருக்குமா என்று அவரே கேட்டு அவரே பதில் சொன்னார்.

அய்யாக்கண்ணு கூரையைப் பார்த்துக்கொண்டு, "சாமிய ஒதுக்கிட்டு மெஷின புடிச்சா அது எப்புடி மாமா ஓடும்?" என்றான்.

"சாமியா வந்து பெட்ரோல் ஊத்துது?" என்றார் கண்ணையன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கிளம்பும்போது, "கட்டு பிரிச்சதும் வந்துருவல்ல மாப்ள?" என்று கேட்டார். "மொதல்ல மெஷின் சரியாவட்டும், பாப்போம்" என்றான் அவன். கண்ணையன் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். மெஷின் சரியானால் அய்யாக்கண்ணு வருவான். அவருக்கு இருந்த ஒரே துணை அவன்தான், ஆகவே மெஷின் சரியாகியே தீர வேண்டும்.

அவருக்குத் துணை என்று வேறு யார் இருக்கிறார்கள்? மகள் லாவண்யா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். கம்பெனி வேலை, இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை போன். "சாப்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா" என்று கேட்பாள், பின்னாலேயே குழந்தை அழும், "வச்சிர்றேன்ப்பா" என்பாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே வந்து இருக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாள். போய் ஒரு வாரம் இருந்து பார்த்தார். மூன்றாவது மாடியிலிருந்து தெருவோர மரங்களைப் பார்த்து எது எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

அய்யாக்கண்ணு வராத நாட்களில் அவர் நிற்கிற மரத்தைத் தொடவில்லை. ஏற்கெனவே விழுந்து கிடப்பதைத் துண்டு போடுவது, விறகு அறுப்பது என்று ஒற்றை ஆள் வேலைகளாகப் பார்த்து ஒப்புக்கொண்டார். அதிலும் சங்கடம் இருந்தது. அடிமரத்தை அளக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒரு முனையில் ஆணி அடித்து டேப்பை மாட்டிவிட்டு மறுமுனைக்கு நடப்பார். பாதியில் ஆணியிலிருந்து அது கழன்று சுருட்டிக்கொண்டு வந்து கையில் அடிக்கும். திரும்பப் போய் மாட்டுவார். கண்ணையன் அந்த ஆணியோடு பேச ஆரம்பித்தது அப்போதுதான். "ஒழுங்கா புடி" என்பார். அப்புறம் சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்வார். பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

மெஷினோடும் பேசினார். ஸ்டார்ட்டர் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் போகும். ஒரு கட்டை, இரண்டு கட்டை. பிறகு அந்தக் குரல் ஏற்றம். "வந்துட்டியா, வா" என்பார் கண்ணையன். நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறப்பார். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், சூட்டுக்கு அப்படித்தான் வரும் என்று விட்டுவிடுவார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கும். மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால்தான் ஓடுகிறது, சூடு தாங்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்புதான் அவரைப் பல மாதம் சுற்றவிட்டது.

பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு புதிது மாற்றினார். ஏர் ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, வெயிலில் காயவைத்தார். டேங்குக்குள் கிடக்கும் சின்ன ஃபில்டரைக் கம்பியால் கொக்கி போட்டு இழுத்து மாற்றினார். பெட்ரோல்மேல் சந்தேகம் வந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் என்னென்னவோ கலக்கிறார்கள், தண்ணீர் கோர்த்துக்கொள்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பங்க்கில் பாட்டிலில் ஊற்றித் தர மாட்டார்கள் என்பதால் தன்னுடைய பழைய மொபெட்டில் ஊற்றிக்கொண்டு வந்து, குழாய் போட்டு வாயால் உறிஞ்சி இறக்குவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தொண்டைக்குள் போகும். அன்றைக்கெல்லாம் ஏப்பம் பெட்ரோலாகவே வரும். பங்க் மாற்றினார். வேட்டித் துணியில் வடிகட்டினார். ஆயில் அளவைக் கூட்டினார், குறைத்தார். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கண் திருஷ்டி என்றார் ஒருவர். கண்ணையன் அவரை முறைத்த முறைப்பில் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அறிவழகன் என்று ஒரு மெக்கானிக். ஸ்ப்ரேயர், புல் வெட்டுகிற மெஷின், மரமறுக்கிற மெஷின் எல்லாம் பார்ப்பான். வேலையில் கைகாரன்தான். கண்ணையன் மெஷினைக் கொண்டுபோய் வைத்ததும் அவன் முதல் வேலையாக மூடியைத் திறந்து பழைய பெட்ரோலைக் கீழே ஊற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் காற்றடித்து, ஸ்க்ரூவைத் திருகி, புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தான். ஓடியது. பக்கத்துக் கடை துணிக்கடை, சத்தம் அதிகமானால் அந்தம்மா வெளியே வந்துவிடுவார். அதனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டான். காட்டில் வைத்ததும் நின்றது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி கடையில் ஓடியது.

அடுத்த தடவை போனபோது அறிவழகன் மெஷினைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வூட்ல யாரும் இல்லீங்களா?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். பொழுது போவலன்னா நீங்க பாட்டுக்கு வாங்க, டீ சாப்புடுவோம், பேசிக்கிட்டு இருப்போம். அதுக்காக இத்தாம்பெரிய மெஷின எதுக்குத் தூக்கிட்டு அலையுறீங்க?"

அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். கண்ணையனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் மெஷினைத் தூக்கி மொபெட்டில் வைத்துக் கட்டினார். வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. பொய்க்காரன் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். தனியாள் என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? அது உண்மைதானே. அந்தக் கடைக்கு அப்புறம் அவர் போகவில்லை.

மாசியில் ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த கருவேலம் ஒன்றைத் துண்டு போடச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து மெஷின் நிற்பதும், அவர் மூடியைத் திறப்பதும், மூடுவதும், இழுப்பதுமாகவே போனது. ஒரு கட்டத்தில் அவருக்கு வெறுத்துவிட்டது. எப்படியும் கொஞ்ச நேரத்தில் திறக்கத்தானே போகிறோம் என்று மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

மெஷின் ஓடியது. ஒரு கட்டை. இரண்டு. குரல் ஏறும் என்று காத்திருந்தார், ஏறவில்லை. நாலாவது கட்டையை முடித்தபோதுதான் தொடையில் திகுதிகுவென்று எரிவது உறைத்தது. மூடியோரமாகப் பெட்ரோல் வழிந்து கால்சட்டை நனைந்திருந்தது. சட்டென்று மெஷினை நிறுத்தித் தள்ளி வைத்துவிட்டு, ஏரித் தண்ணீரில் இறங்கிக் காலைக் கழுவினார். கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். மூடி திறந்திருந்தால் ஓடுகிறது. மூடினால் நிற்கிறது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்காக டேங்க் மூடியிலேயே ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இருந்தும் மெஷினுக்கு வராது. மூடியைத் திறக்கும்போது வந்த 'புஸ்' சத்தம் சூட்டால் வந்ததில்லை. உள்ளே காற்று நுழைந்த சத்தம். இத்தனை மாதமும் அவர் காதோரமே கத்தியிருக்கிறது.

கரைக்கு வந்து மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துவாரத்தைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து, காரை மாதிரி இறுகியிருந்தது. அரைஞாண் கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக வந்தது. ஊக்கின் முனை உள்ளே போனதும் வாயை வைத்து ஊதினார், காற்று மறுபக்கம் வந்தது. மூடியை இறுக்கித் திருகி மெஷினைப் போட்டார். டேங்கில் இருந்த பெட்ரோல் சொட்டுக்கூட மிச்சமில்லாமல் தீரும்வரை அது ஓடியது.

கண்ணையன் கட்டை மேல் உட்கார்ந்து சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். அய்யாக்கண்ணுவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. உடனே போனை எடுத்தார். பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் என்ன சொல்லப்போகிறோம் என்பது புத்தியில் ஏறியது. போனை மடியில் வைத்துக்கொண்டார்.

சாமிதான் மெஷினை நிறுத்தியது என்று சொன்னவன் அவன். மாமாவுக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் மரம் திரும்பியது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருந்தான். இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது. உன் சந்தனம்தான் மெஷினை நிறுத்தியது, உன் தோளை நீயே விலக்கிக்கொண்டாய் என்று சொன்னால் அவனால் ஒரு வார்த்தை பதில் பேச முடியாது. அதற்காகவே அந்த மூடியிலிருந்து சுரண்டிய பொருக்குகளை ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் சொன்னால் அவன் வருவானா? ஜெயிக்கலாம். ஜெயித்துவிட்டு யாரோடு வேலைக்குப் போவது? வீட்டுக்கு வந்து சோற்றை வடித்துவிட்டு அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டார். லேசாகச் சந்தன வாசனை வந்தது. மெஷின் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்வது என்று முடிவுசெய்தார். அவருக்குத் தேவை ஆள்.

சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அந்த வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையிலிருந்தே வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அந்தக் கூட்டத்துக்குள் நுழையாமல் கண்ணையன் சுற்றிக்கொண்டு அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மொபெட்டின் பின்னால் மெஷின். போன் பண்ணிச் சொல்லவில்லை. சத்தம் கேட்டு அய்யாக்கண்ணுவின் மனைவி பரிமளா வெளியே வந்தாள். "வாங்கண்ணே" என்றாள். அவளுடைய குரலில் கோபமும் இல்லை, பழைய கலகலப்பும் இல்லை. நாற்காலி எடுத்துப் போட்டாள்.

அய்யாக்கண்ணு உள்ளேயிருந்து துண்டை இடது கையால் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். "வாங்க மாமா" என்றான்.

கண்ணையன் உட்காரவில்லை. மெஷினை அவிழ்த்துத் தரையில் வைத்து, மூடியை அவனுக்குத் தெரிகிற மாதிரி இறுக்கித் திருகிவிட்டுக் கயிற்றை இழுத்தார். பிடித்துக்கொண்டது. அப்படியே ஓடவிட்டார். கோழிகள் ஓடின. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பரிமளா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நிற்கிற நேரம் வந்தது, நிற்கவில்லை. அது தாண்டியும் ஓடியது. கண்ணையன் அய்யாக்கண்ணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று அவன் கை காட்டிய பிறகு நிறுத்தினார்.

"நல்லா ஓடுது மாமா."

"சரியாயிடுச்சு மாப்ள. இனிமே நிக்காது. திங்கக்கிழம வேப்பந்தட்டையில ரெண்டு புளியமரம் இருக்கு, சொல்லிட்டு வந்திருக்கேன். கயிறு புதுசா வாங்கிட்டேன். நீ கனமா ஒண்ணும் இழுக்க வேண்டாம், தள்ளி நிக்கிற மரத்து அடியில ஒரு சுத்து போட்டு நீ சும்மா புடிச்சிருந்தா போதும்."

பரிமளா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"நா வரல மாமா."

"ஏன் மாப்ள? மெஷின் சரியானா வரேன்னு சொன்னியே."

"மெஷினுக்காவ நா நிக்கல." அவன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினான். "அன்னிக்கு மரம் விழுந்தப்ப நா கீழ கெடந்தேன். வலியில கண்ணு மங்குது. நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். நீங்க மெஷினத் தூக்கி வச்சுப் பாத்துக்கிட்டிருந்தீங்க. யாரோ ஒரு ஆளுதான் ஓடியாந்து தூக்குனாரு. அப்புறம் ஆஸ்பத்திரியிலயும் மெஷினப் பத்தித்தான் பேசுனீங்க. எங்க அக்கா இருந்திருந்தா என்ன கேட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அவ்ளோதான் மாமா. கோவமெல்லாம் இல்ல."

இல்லை என்று சொல்லக் கண்ணையனுக்கு வாய் வந்தது. ஆனால் அது நடந்ததுதான். மரத்தின் கீழே நசுங்கியிருந்தால் மெஷின் போயிருக்கும் என்று அந்த நேரம் நினைத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் எழுந்துவிடுவான் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவனை எதுவும் செய்யாது என்று ஏனோ அப்படி ஒரு நினைப்பு. மெஷினில் என்ன கோளாறு என்று எத்தனை மாதம் தேடினார். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் தேடவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சூடாயிற்று.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"தோளு எப்புடி இருக்கு?" என்று கேட்டார்.

அய்யாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தான். வலது கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினான். மார்புக்கு மேலே போகவில்லை. "இவ்ளோதான் வருது. கோயிலுக்கு வர்ற வண்டிங்க நிக்கிற எடத்துல டோக்கன் குடுக்குறேன், திங்களும் வெள்ளியும், இப்ப சாப்புடத்தான் வந்தேன். அதுக்கு இது போதும்."

"வலிக்குதா?"

"குளுருல வலிக்கும்."

கண்ணையன் எழுந்து மெஷினை மொபெட்டில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அய்யாக்கண்ணு பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னதான் கோளாறாம் மாமா?"

"காத்து போற ஓட்ட அடைச்சிருந்துச்சு."

"எதுல அடைச்சுது?"

கண்ணையன் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "நா அக்கா மாதிரியே வாரம் தவறாமதான் பொட்டு வச்சேன். கைக்கட்டோட படுத்துக் கெடந்தப்பெல்லாம் இதான் யோசன. நா செஞ்சதுல ஏதாச்சும் கொற ஆயிடுச்சா மாமா?"

பரிமளாவும் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி இத்தனை மாதம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒரு கொறயும் இல்ல. உங்க அக்கா வச்சாப்லதான் வச்ச," என்றார் கண்ணையன். "அடைச்சிருந்தது வெறும் தூசி."

அய்யாக்கண்ணு பெருமூச்சு விட்டான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த பழைய கேலி. "சத்தத்தக் கேட்டே ஊரு மெஷினுக்கெல்லாம் வைத்தியம் சொல்லுவீங்க. தூசியக் கண்டுபுடிக்க உங்களுக்கு இத்தன மாசமா?"

"தனியாத்தான பாத்தேன் மாப்ள," என்றார் கண்ணையன். "எனக்குத் தெரியல."